க எங்கே என்று விரலுக்குத் தெரியும் வரை

கச்சேரி என்கிற மாவட்டச் செயலகப் பக்கம், நீதிமன்றப் பக்கம், பிரதேச செயலகப் பக்கம் என்று கிளிநொச்சியில் எங்கே போனாலும் ஒரு கொமினிகேசன் கடை இருக்கும். போட்டோக்கொப்பி, ரீலோட், லமினேற்றிங், அப்புறம் தமிழ் ரைப்பிங். அப்படி ஒரு கடையில்தான் எனக்கு வேலை. இடம்பெயர்வில் காணிப் பேர்மிற் தொலைந்துவிட்டது என்று காணிப் பகுதிக்கு ஒரு கடிதம், மகளைப் பள்ளிக்கூடம் மாற்ற ஒரு கடிதம், வாய்க்கால் உடைந்து வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று கமக்காரர் அமைப்பு நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு எழுதுகிற கடிதம், வைகாசி பிறந்தால் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களின் நோட்டீஸ். எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். பள்ளிக்கூடம் முடித்த கையோடு பழகியது, கீபோட்டைப் பார்க்காமல் எதிரே கதிரையில் இருக்கிற ஐயாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் சொல்லச் சொல்ல அடிப்பேன்.

பாமினியில் உள்ள வில்லங்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான். அந்த எழுத்துரு இல்லாத போனிலோ கொம்பியூட்டரிலோ திறந்தால் கிளிநொச்சி என்பது எஃப், பி, எஸ், பி, என், ஈ, எச், ஆர், ஓர் அரைப்புள்ளி, ஆர், பி என்று நிற்கும். முன்பெல்லாம் கடிதத்தைத் தாளில்தான் கொடுத்தார்கள், பிரச்சினை இல்லை. இப்போது "பிள்ளை, இதை என்ர வட்ஸ்அப்புக்கு அனுப்பி விடு, கனடாவில இருக்கிற மகன் ஒருக்காப் பாக்கோணுமாம்" என்கிறார்கள். பிடிஎஃப் ஆக்கி அனுப்பலாம் என்பது சரிதான், ஆனால் மகன் அங்கே ஒரு சொல்லைத் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் போச்சு.

ஆக, எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட். பாமினி விசை ஒழுங்கிலேயே யூனிகோட் அடிக்க வசதி இருக்கிறது, இலங்கைக்கென்று ரெங்கநாதன் விசைப்பலகை இருக்கிறது, அதில் ஒன்றோடு நின்றுவிடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் தமிழ்99 க்குப் போனேன். 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெற்99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட ஒழுங்கு அது, இப்போது விண்டோசிலேயே வருகிறது. உயிரெழுத்து எல்லாம் இடது கையில், மெய் ஏறக்குறைய எல்லாம் வலது கையில். ஒரே மெய்யை இரண்டு தரம் அடித்தால் முதலாவதுக்குத் தானாகப் புள்ளி விழும், ம-வுக்குப் பிறகு ப அடித்தாலும் ந-வுக்குப் பிறகு த அடித்தாலும் அப்படியே. பாமினியில் பதினொரு தட்டுப் பிடிக்கிற கிளிநொச்சி இதில் ஒன்பது தட்டில் முடிந்துவிடும். முல்லைத்தீவுக்குப் பாமினியில் மூன்று இடத்தில் சிஃப்ட் அழுத்த வேண்டும், இதில் ஒரு இடத்திலும் இல்லை. நாள் முழுக்க அடிக்கிறவர்களுக்கு இது சின்ன விசயம் இல்லை, சின்னி விரல் பின்னேரம் ஆனால் சொல்லும்.

வாசிக்க இது இலகு. ஆனால் என் விரலில் ஏற்கனவே ஒரு கீபோட் குடியிருந்தது. பாமினியில் க இருப்பது இடது சுட்டுவிரலுக்குக் கீழே, எஃப் இருக்கும் இடத்தில். தமிழ்99 அதே இடத்தில் புள்ளியை வைத்திருக்கிறது, க-வை வலது சுட்டுவிரலிடம் கொடுத்திருக்கிறது. பாமினிப் பழக்கத்தில் 'கால்' என்று அடித்தால் திரையில் வருவது ஒரு புள்ளி, ஒரு க, ஒரு ள, ஒரு ந. ஒன்றுமே தெரியாமல் புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்கு இந்தக் கரைச்சல் கிடையாது, எங்களைப் போலத் தெரிந்தவர்களுக்குத்தான்.

கடையில் என்னோடு சேர்ந்து இன்னொரு அண்ணாவும் தொடங்கினார். அவர் முறை வேறு. கிழமை நாளில் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், தலை நிமிர்த்த நேரம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, அன்றைக்கு ஒரே இருப்பில் மூன்று மணித்தியாலம் அடித்தால் சரி என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஞாயிறு பின்னேரம் அவர் அடிப்பதைப் பார்த்தால் உண்மையிலேயே விரல் ஓடும். திங்கள் தொடக்கம் சனி வரை பாமினி. அடுத்த ஞாயிறு காலையில் உட்கார்ந்தால் க எங்கே என்று தேடுவதில் ஒரு மணித்தியாலம் போகும். அவர் ஒவ்வொரு ஞாயிறும் படித்ததில் பாதி, போன ஞாயிறு படித்ததுதான்.

நான் எடுத்துக்கொண்டது காலையில் ஒரு பத்து நிமிசம். எங்கள் கடைப் போட்டோக்கொப்பி மெசின் பழசு, சுவிச்சைப் போட்டால் சூடாகி முடிய நேரம் எடுக்கும். கடையைத் திறந்து, கூட்டி, சாமிப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி, மெசினைப் போட்டுவிட்டு, அது தயாராகும் வரை தமிழ்99. தயார் என்று பச்சை விளக்கு எரிந்தால் நிற்பாட்டிவிடுவேன், சொல் பாதியில் இருந்தாலும். அதற்குள் யாராவது அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க வந்து நிற்பார்கள், நிற்பாட்டாமலும் முடியாது.

பிறகு தேடி வாசித்தபோதுதான் எங்கள் இருவருடைய வழிகளையும் பிரித்தானியத் தபால்காரர்களை வைத்து அந்தக் காலத்திலேயே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அங்கே கடிதங்களுக்குத் தபால் குறியீடு வந்து, மெசின் வைத்துப் பிரிக்கத் தொடங்கியபோது, தபால்காரர்களுக்கு ரைப்பிங் பழக்க வேண்டியிருந்தது. உளவியலாளர் அலன் பாடெலியும் லோங்மனும் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரு தரம் ஒரு மணித்தியாலம், ஒரு குழுவுக்கு நாளுக்கு இரண்டு தரம் ஒவ்வொரு மணித்தியாலம், ஒரு குழுவுக்கு ஒரே இருப்பில் இரண்டு மணித்தியாலம், கடைசிக் குழுவுக்கு இரண்டு மணித்தியாலப்படி இரண்டு தரம். 1978 இல் முடிவு வெளிவந்தது. நாளுக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் படித்தவர்களுக்குத்தான் கீபோட் பழக மொத்தத்தில் ஆகக் குறைந்த மணித்தியாலம் தேவைப்பட்டது. இதை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதோடு வந்த மற்றத் தகவல்: தங்கள் நேர அட்டவணையில் ஆகக் குறைவாகத் திருப்திப்பட்டதும் அதே குழுதான். மணித்தியாலக் கணக்கில் முந்தினாலும் நாள் கணக்கில் அவர்கள் பிந்தினார்கள், பக்கத்துக் குழு கெதியாக முடித்துக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தத் தபால்காரர்களின் எரிச்சல் எனக்கு நன்றாக விளங்குகிறது. பத்து நிமிசத்தில் ஒன்றுமே நடக்காது. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தேடினால் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை அண்ணாவுக்குக் கிடைக்கிற அந்தச் சந்தோசம், விரல் ஓடுகிற சந்தோசம், தினமும் கொஞ்சம் அடிக்கிறவர்களுக்கு மாதக் கணக்கில் கிடைக்காது. தினமும் கொஞ்சம் செய்யுங்கள் என்று மேடையில் சொல்கிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. ஆட்கள் விட்டுவிட்டுப் போவது பெரும்பாலும் சோம்பலால் என்று நான் நம்பவில்லை, வேலை நடக்கிற மாதிரியே தெரியாததால்தான்.

1885 இலேயே எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே பாடமாக்கித் தன்னையே சோதித்தவர், இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார். ஒரே நாளில் 68 தரம் திருப்பிச் சொன்னால் வருகிற பலன், மூன்று நாளுக்குப் பிரித்து 38 தரம் சொன்னாலே வந்ததாம். அம்மா பின்னேரத்தில் தேவாரம் பாடமாக்க வைத்ததும் இதே மாதிரித்தான், நாளுக்கு இரண்டு வரி. அதற்கு அவவுக்கு ஜெர்மன்காரர் தேவைப்படவில்லை.

சரி, பத்து நிமிசத்தில் என்னத்தை அடிப்பது? எனக்குத் தெரிந்து இதில்தான் காரியமே இருக்கிறது.

முதலில் நடு வரிசை மட்டும். இடது கையில் அ, இ, உ, புள்ளி, எ. வலது கையில் க, ப, ம, த, ந, ய. இவ்வளவையும் வைத்து என்ன சொல் வரும் என்று ஒரு கொப்பியில் எழுதினேன். தம்பி, கம்பி, பத்து, பகுதி, பந்தி, முந்தி, மிதி. 'தம்பி' என்றால் த, ம, ப, இ, நாலே தட்டு, புள்ளி தானாக விழும். "தம்பி பத்து கம்பி மிதி" என்று பக்கம் பக்கமாக அடித்து வைத்திருந்ததைப் பார்த்து முதலாளி, "ஆற்றை கடிதம் பிள்ளை இது?" என்று கேட்டார்.

நடு வரிசை கைக்கு வந்த பிறகு அதையே அடித்துக்கொண்டிருக்க ஆசையாக இருக்கும். விரல் ஓடும், பிழை வராது, நல்லா இருக்கும். அங்கேதான் நிற்கக் கூடாது. பகலில் எந்தச் சொல்லுக்கு விரல் தடுக்கியதோ அதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்து, மறுநாள் காலை அதை மட்டும் அடித்தேன். எனக்குத் தடுக்கியது ண, ன, ந. மூன்றும் வலது கையில், ந நடு வரிசையிலும் ண அதற்கு மேல் வரிசையிலும் சின்னி விரலுக்கு, ன நடுவிரலுக்கு. கடையில் 'விண்ணப்பம்' அடிக்காத நாள் இல்லை, அதனால் அந்த ஒரு சொல்லையே பல நாள் அடித்தேன். பிறகு ழ, கீழ் வரிசையில் வலது ஓரத்தில், சின்னி விரலை மடக்கிக் கீழே இறக்க வேண்டும். பிறகு பப்பாசி. இது விவசாயத் திணைக்களத்திடம் பப்பாசிக் கன்று கேட்டு வந்த ஒரு கடிதத்தால் வந்த வினை: ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் தானாகப் புள்ளி விழும் என்றேன் அல்லவா, பப்பாசியில் முதல் ப-வுக்குப் பிறகு அ அடித்து நிறுத்தாவிட்டால் அந்த முதல் ப-வுக்கே புள்ளி ஏறிவிடும். ப, அ, ப, ப, ஆ, ச, இ. இதை அறிவு ஒரு தரத்தில் விளங்கிக்கொண்டது. விரலுக்கு விளங்கக் கன நாள் எடுத்தது.

எங்கள் முதலாளியையே எடுத்துக்கொள்ளுங்கள், மனுசன் நான் சேர்வதற்கு முன்பிருந்தே இரண்டு விரலால் அடிக்கிறார். தினமும் அடிக்கிறார், என்னைவிட அதிகமாகவே அடிக்கிறார். வேகம் அன்றைக்கு எப்படியோ இன்றைக்கும் அப்படியே. தினமும் செய்தால் மட்டும் போதும் என்றால் அவர் இந்நேரம் வட மாகாணத்திலேயே வேகமான ஆளாக இருந்திருக்க வேண்டும். அவருக்குத் தேவையான வேகம் அவரிடம் இருக்கிறது, அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, அதனால் வரவும் இல்லை. இதில் குறை ஒன்றும் இல்லை, கடை நன்றாகத்தான் ஓடுகிறது. உளவியலாளர் அன்டர்ஸ் எரிக்சனும் கூட்டாளிகளும் பேர்லினில் வயலின் மாணவர்களைப் பார்த்து 1993 இல் எழுதிய கட்டுரையை வைத்துத்தான் 'பத்தாயிரம் மணித்தியாலம் பழகினால் கெட்டிக்காரர் ஆகலாம்' என்ற பேச்சுப் பிறகு ஊர் முழுக்கப் பரவியது. ஆனால் அவர்கள் அழுத்திச் சொன்னது மணித்தியாலத்தின் தொகையை விட, இன்னும் வராத ஒன்றைக் குறி வைத்துத் தனியாக இருந்து பழகுவதைத்தான். தொகை நினைவில் நிற்கச் சுகமாக இருக்கிறது போல.

அப்புறம் ஒரு தேக்கம் வரும். எனக்கு எல்லா எழுத்தும் தெரிந்த பிறகு வந்தது. பார்க்காமல் அடிக்கிறேன், பிழையும் குறைவு, ஆனால் வேகம் அதே இடத்தில் நின்றது, வாரக் கணக்கில். பாமினியில் அடிக்கிறதில் பாதிகூட இல்லை. விட்டுவிடலாம் என்று தோன்றியது அப்போதுதான், தொடக்கத்தில் இல்லை. 1890களில் அமெரிக்காவில் பிரையனும் ஹார்ட்டரும் தந்தி பழகுகிறவர்களைக் கிழமைக்குக் கிழமை அளந்து பார்த்து இதே தேக்கத்தைக் கோடாக வரைந்திருக்கிறார்கள். வருகிற தந்தியை வாங்குகிற வேகம் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் தட்டையாகிறது, பிறகு மறுபடி ஏறுகிறது. எழுத்து எழுத்தாகக் கேட்டவர்கள் சொல் சொல்லாகக் கேட்கத் தொடங்கும் முன் வருகிற தட்டை அது என்பது அவர்களுடைய விளக்கம். எல்லாருக்கும் அப்படி வருமா என்று பின்னால் வந்தவர்கள் வாதாடியிருக்கிறார்கள். எனக்கு வந்தது. 'பிரதேச செயலாளர்' என்பதை ப, இ, ர என்று எண்ணி எண்ணி அடித்துக்கொண்டிருந்த கை, ஒரு நாள் எண்ணாமல் முழுச் சொல்லையும் அடித்துவிட்டு நின்றது. கடிதத் தலைப்பில் வருகிற சொற்கள் எல்லாம் முதலில் அப்படி வந்தன, 'மேற்படி விடயம் தொடர்பாக' உட்பட. அந்தச் சொற்றொடரை நான் என் வாழ்க்கையில் ஒருவரிடமும் வாயால் சொன்னதில்லை, விரலுக்கு மட்டும் மனப்பாடம்.

ரைப்பிங் உதாரணம் எல்லாருக்கும் பொருந்தாது என்பவர்களுக்கு என் தம்பியைச் சொல்கிறேன். உழவு மெசினில் இழுவைப் பெட்டி பூட்டிக்கொண்டு றிவேஸ் எடுப்பது எவ்வளவு கரைச்சல் என்று எடுத்தவர்களுக்குத் தெரியும். பெட்டி இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்ரேறிங்கை முதலில் வலது பக்கம் வெட்ட வேண்டும். பெட்டி திரும்பத் தொடங்கியதும் உடனே மறுபக்கம் வெட்டி அதன் பின்னால் போக வேண்டும். ஒரு நொடி பிந்தினால் பெட்டி மடங்கி மெசினோடு முட்டும். அப்பா அவனுக்கு விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. உருத்திரபுரத்து வயலால் வந்தால் பெட்டியை முன்னுக்கு வளவுக்குள் கொண்டுவரக் கூடாது, படலையால் பின்னுக்குத்தான் விட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். "முன்னுக்கு விட்டா நாளைக்கு விடிய நீயே மடக்கி எடு" என்பார். எங்கள் படலை அகலமில்லாதது. நாளுக்கு ஒரு தரம், வேலை முடிந்து களைத்து வந்த நேரத்தில், ஒரே ஒரு றிவேஸ். தொடக்கத்தில் வேலிக் கதியால்கள் பாடுபட்டன. இப்போது காலபோக அறுவடை நேரம் நெல் ஆலை வாசலில் நெருக்கமாக வாகனம் நின்றால் மற்றவர்கள் இவனைக் கூப்பிட்டு "தம்பி, ஒருக்கா உள்ளுக்கு விட்டுத் தா" என்கிறார்கள். தனியாக மைதானத்துக்குக் கொண்டுபோய் ஒரு நாள் முழுக்கப் பழக்கியிருந்தால் டீசல் போயிருக்கும், 2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்ற எங்களுக்கு அது விளையாட்டு இல்லை.

அதே 2022 இல்தான் நாளுக்குப் பத்து மணித்தியாலம், மார்ச் முடிவில் பதின்மூன்று மணித்தியாலம் என்று கரண்ட் நிற்பாட்டினார்கள். போட்டோக்கொப்பி மெசின் சூடாகவும் இல்லை, கொம்பியூட்டர் ஏறவும் இல்லை. செத்துக் கிடந்த கீபோட்டில் சும்மா அடித்துப் பார்த்தேன். திரை இல்லாததால் பிழை விட்டதா இல்லையா என்று தெரியாது, ஆனால் எந்த விரல் எங்கே போகிறது என்று கவனிக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்கவில்லை. சில நாள் அதுவும் செய்யவில்லை, மனசு இல்லை. அறுவடை நேரம் வயலுக்குப் போனால் நான்கைந்து நாள் கடைப் பக்கமே வர முடியாது. வன்னியில் இருந்துகொண்டு ஒரு நாளும் விடாமல் ஒன்றைச் செய்தேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன், மழை, வயல், செத்தவீடு, கலியாணவீடு என்று ஏதாவது ஒன்று வந்து பிடித்து இழுக்கும்.

விட்டதால் ஒன்றும் குடி முழுகவில்லை. இருபத்தொரு நாள் செய்தால் பழக்கமாகிவிடும், ஒரு நாள் விட்டால் திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்றெல்லாம் வட்ஸ்அப்பில் வருகிறதே, அதை விட்டுத் தள்ளுங்கள். லண்டன் யூனிவர்சிற்றி கொலேஜில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரை எடுத்து, மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடுவது போன்ற சின்ன விசயத்தை 12 கிழமை தினமும் செய்ய வைத்துப் பார்த்தார்கள், 2010 இல் கட்டுரை வந்தது. அது தன்பாட்டில் நடக்கிற பழக்கமாக நடுத்தரமாக 66 நாள் பிடித்தது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம், 12 கிழமைக்கு மேலே போனதைக் கணக்குப் போட்டு மதிப்பிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டது பெரிதாக ஒன்றையும் கெடுக்கவில்லை. அவர்களும் ஒரு நேரத்தோடு, ஒரு செயலோடு முடிச்சுப் போட்டுத்தான் செய்ய வைத்தார்கள். எனக்கு அந்த முடிச்சு மெசினின் சுவிச். அறுவடை முடிந்து கடைக்கு வந்து அதைப் போட்டால் கை தன்பாட்டில் கீபோட்டுக்குப் போகும், இன்றைக்குத் தொடங்குவோமா நாளைக்குத் தொடங்குவோமா என்ற யோசனையே வருவதில்லை. நேரம் குறித்து வைத்திருந்தால், ஏழரை மணி என்று, இது நடந்திருக்காது, எங்கள் கடை ஏழரைக்குத் திறந்த நாளும் உண்டு, பஸ் பிந்தி எட்டரைக்குத் திறந்த நாளும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை அண்ணா இப்போது பாமினி விசை ஒழுங்கிலேயே யூனிகோட் அடிக்கிறார், வேலை நடக்கிறது, அவருக்குத் திருப்தி. நான் கடைக் கடிதம் எல்லாம் தமிழ்99 இல் அடிக்கிறேன். பழைய பாமினிக் கோப்பைத் திருத்தித் தரச் சொல்லி யாராவது பென்ரைவோடு வந்தால் மட்டும் கை கொஞ்சம் முழிக்கும்.

இப்போது காலையில் அடிப்பது கிரந்த எழுத்து. தமிழ்99 இல் சிஃப்ட் அழுத்தித்தான் ஜ, ஷ, ஸ, ஹ வரும், இடது சின்னி விரல் சிஃப்டில் இருக்கும்போதே ஸ-வுக்கும் அதே விரல்தான் போக வேண்டும், அதனால் வலது பக்க சிஃப்டைப் பழக வேண்டியிருக்கிறது. எங்களுடைய இளம் பிள்ளைகளின் பெயரில் இந்த எழுத்துகள் இல்லாத பெயர் எத்தனை? பிறப்புச் சான்றிதழில் தர்ஷிகா என்று இருந்தால் நான் தர்சிகா என்று அடித்துக் கொடுக்க முடியாது, விண்ணப்பம் திரும்பி வரும், தாய்க்காரி துணுக்காயிலிருந்து இன்னொரு தரம் பஸ் ஏற வேண்டும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இந்த மாதம் முழுக்கப் பிள்ளைகளின் பெயர்தான்.